எக்செல் ஷீட்டும் நிரலும்: ஆய்வு மாணவரின் மேசையில் ஓர் ஒப்பீடு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்து ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்த தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆய்வு மாணவருக்கு வகுப்பில் ஒரு பயிற்சி. அச்சில் வந்த ஆய்வுக் கட்டுரை ஒன்றை எடுத்து, அதிலுள்ள கணக்கைத் திரும்பப் போட்டு, அதே விடை வருகிறதா என்று பார்க்க வேண்டும். அவர் எடுத்துக்கொண்டது கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010-இல் வெளியிட்ட கட்டுரை. அரசுக் கடன் ஒரு நாட்டின் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சட்டென்று சரிந்துவிடுகிறது என்பது அதன் சாரம். கிரீஸ் கடனில் தத்தளித்த காலம் அது. செலவைக் குறை, குறை என்று குரல் கொடுத்த அரசியல்வாதிகள் பலர் அந்த 90-ஐப் பிடித்துக்கொண்டார்கள்.

ஹெர்ண்டனுக்கு விடை ஒத்துவரவில்லை. கட்டுரையாசிரியர்களுக்கே எழுதிக் கேட்டார். அவர்களும் தங்கள் எக்செல் கோப்பை அனுப்பிவைத்தார்கள். திறந்து பார்த்தால், சராசரி எடுக்கும் சூத்திரம் 30-ஆம் வரிசையில் தொடங்கி 44-இல் நின்றிருந்தது. 49 வரை போயிருக்க வேண்டும். விட்டுப்போன ஐந்து வரிசைகளில் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் என்று ஐந்து நாடுகள் இருந்தன.

செய்தித்தாள்களுக்கு அந்த ஐந்து வரிசையே போதுமானதாக இருந்தது. ஆனால் ஹெர்ண்டனும் அவருடைய பேராசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் பாலின் இருவரும் 2013 ஏப்ரலில் வெளியிட்ட ஆய்வறிக்கையைப் பொறுமையாகப் படித்தால் வேறொன்று தெரியும். கடன் மிகுந்த ஆண்டுகளின் சராசரி வளர்ச்சி, மூலக் கட்டுரை சொன்னபடி மைனஸ் 0.1 சதவீதம் அல்ல, 2.2 சதவீதம் என்று அவர்கள் காட்டினார்கள். இந்த இடைவெளியில் எக்செல் வழுக்கலின் பங்கு 0.3 சதவீதப் புள்ளிதான். மீதியெல்லாம் வேறு இரண்டு விஷயங்களால் வந்தது. சில நாடுகளின் போருக்குப் பிந்தைய ஆண்டுகள் கணக்கில் சேரவில்லை. நியூசிலாந்துக்கு 1946 முதல் 1949 வரை அப்படி விடுபட, கடன் மிகுந்த ஆண்டாக மிஞ்சியது 1951 ஒன்றுதான். அந்த ஆண்டு வளர்ச்சி மைனஸ் 7.6. பிரிட்டனுக்கு 19 ஆண்டுகள், சராசரி 2.4. அந்த ஒற்றை ஆண்டுக்கும் இந்தப் பத்தொன்பது ஆண்டுக்கும் ஒரே எடை.

வரிசை விட்டுப்போனதை ரைன்ஹார்ட்டும் ரோகாஃபும் ஒப்புக்கொண்டார்கள். எடை போட்ட முறை சரிதான் என்று வாதாடினார்கள். அந்த வாதத்தைப் பொருளாதார அறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு இதில் உறைப்பது ஒன்றுதான். தவறான சூத்திரத்தை அந்தக் கட்டத்தில் ஒருமுறை சொடுக்கினால் பார்த்துவிடலாம். எந்த ஆண்டைச் சேர்ப்பது, எதற்கு எவ்வளவு எடை என்ற முடிவுகள் அப்படி எந்தக் கட்டத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. வேறொருவர் முழுக் கணக்கையும் முதலிலிருந்து போட்டபோதுதான் அவை வெளியே வந்தன. ஹெர்ண்டன் குழுவோ தங்கள் கணக்கை ஆர் மொழி நிரலாகவே தரவோடு சேர்த்து வெளியிட்டது. எந்த ஆண்டு எந்த வரியில் நீங்குகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். ஒப்புக்கொள்ளாதவர் அந்த ஒரு வரியை மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வரலாம்.

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த மாணவர்களிடம் பேசினால் இரண்டு புலம்பல்கள் தனித்தனியாக வரும். கோடிங் கற்றுக்கொள்ள நேரமில்லை என்பது ஒன்று. தீசிஸ் வேலையெல்லாம் அங்கங்கே சிதறிக் கிடக்கிறது என்பது மற்றொன்று. இவை இரண்டும் ஒரே புலம்பல் என்பது என் கட்சி. எக்செல் ஷீட்டையும் நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது விளங்கும்.

பிறப்பிலேயே இரண்டுக்கும் மாணவர் வாடை உண்டு. விரிதாள் என்ற எண்ணம் டான் பிரிக்லினுக்கு 1978-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் எம்பிஏ படிக்கும்போது உதித்தது. அவரும் பாப் ஃபிராங்ஸ்டனும் சேர்ந்து செய்த விசிகால்க் 1979-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. எக்செல் அதற்குச் சில ஆண்டுகள் கழித்துப் பிறந்த பேரப்பிள்ளை. நிரல் பக்கத்தில், ஆர் மொழியை ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் இருவரும் 1990-களின் தொடக்கத்தில் வகுப்பறைத் தேவைக்காக எழுதத் தொடங்கினார்கள். இன்று ஜுபிடர் நோட்புக் என்று அறியப்படும் கருவியின் வேரான, பைத்தான் மொழிக்கான ஐபைத்தானை, 2001-இல் கொலராடோவில் இயற்பியல் ஆய்வேட்டை முடிக்க வேண்டிய நேரத்தில் ஃபெர்னாண்டோ பெரெஸ் எழுதினார். தீசிஸ் எழுதாமல் கருவி செய்து உட்கார்ந்திருப்பது நம் ஊர் மாணவர்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை.

இனி வேறுபாட்டுக்கு வருவோம். எக்செல் தரவைக் கண்முன் விரித்துக் காட்டும். அதற்கு என்ன செய்தோம் என்பதை மறைத்துவிடும். நிரல் என்ன செய்தோம் என்பதைக் காட்டும், தரவை மறைத்துவிடும். மற்ற வேறுபாடுகள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

தமிழ்நாட்டு மாவட்ட அளவிலான புள்ளிவிவரத்தை வைத்து வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். நெல் சாகுபடிப் பரப்பு என்றே வைத்துக்கொள்வோம், 2005 முதல் இன்றுவரை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 32 மாவட்டங்கள். 2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று ஐந்து பிறந்தன. 2020-இல் மயிலாடுதுறை. இன்று 38. திருநெல்வேலியின் வரைகோடு 2019-ஐ ஒட்டித் தடாலென்று விழுந்தால் அது வறட்சியும் இல்லை, மனை வியாபாரமும் இல்லை. தென்காசி பிரிந்துபோனது, அவ்வளவுதான்.

எக்செலில் மாணவர் என்ன செய்வார்? தென்காசி எண்ணை எடுத்துத் திருநெல்வேலியோடு கூட்டுவார். முதலில் சூத்திரமாகத்தான் போடுவார். பிறகு தென்காசி வரிசையை நீக்கினால் சூத்திரம் உடைகிறது என்பதால் பேஸ்ட் ஸ்பெஷல் போய் வேல்யூஸ் என்று ஒட்டுவார். அந்த நொடியோடு கூட்டலுக்கான தடயம் அழிந்தது. ஆறு மாதம் கழித்து டாக்டரல் கமிட்டியில் ஒருவர் கேட்பார்: “2021 திருநெல்வேலியில தென்காசி சேர்த்தியா, சேர்க்கலையா?” கட்டத்தில் இருப்பது வெறும் எண். மாணவர் மூலக் கோப்பைத் தேடிப் போவார். மூலக் கோப்பின் மேலேயே திருத்தியிருந்தால் மறுபடி துறை அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

நிரலில் இதே வேலைக்கு ஆறு வரியில் ஒரு சிறு பட்டியல் போதும். ஒரு பத்தியில் புதிய மாவட்டம், மறு பத்தியில் தாய் மாவட்டம். தென்காசி திருநெல்வேலிக்கு, கள்ளக்குறிச்சி விழுப்புரத்துக்கு, செங்கல்பட்டு காஞ்சிபுரத்துக்கு, ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூருக்கு, மயிலாடுதுறை நாகப்பட்டினத்துக்கு. இந்தப் பட்டியலைத் தரவோடு இணைத்துத் தாய் மாவட்டவாரியாகக் கூட்டச் சொல்ல இன்னும் இரண்டு வரி. மூலக் கோப்பை யாரும் தொடவில்லை. கமிட்டியில் கேட்டால் பட்டியலைத் திருப்பிக் காட்டலாம்.

சிக்கல் அதோடு முடியாது. நம் மாணவர் 2005-இல் தொடங்குகிறார் அல்லவா? திருப்பூர் 2009-இல் கோயம்புத்தூர், ஈரோடு என்ற இரண்டு மாவட்டங்களிலிருந்தும் பகுதிகளை எடுத்து உண்டாக்கப்பட்டது. அதற்கு ஒரே தாய் இல்லை. பட்டியலில் எந்தப் பெயரை எழுதுவது? மூன்றையும் ஒரே அலகாகச் சேர்த்துக் கொங்குப் பகுதி என்று வைத்துக்கொள்ளலாம். தாலுகா அளவுத் தரவு தேடிப் பிரிக்கலாம். அல்லது ஆய்வுக் காலத்தையே 2010-இலிருந்து தொடங்கலாம். எதைச் செய்தாலும் தகும். ஆனால் அது ஆய்வாளரின் முடிவு, எந்த மென்பொருளும் எடுத்துத் தராது. எக்செலில் இந்தச் சிக்கல் எழாமலேயே போய்விட வாய்ப்பு அதிகம் என்பதுதான் என் கவலை. ஏதோ ஒரு மாலையில் கை எதையோ கூட்டி முடித்துவிடும். நிரலில் பட்டியலின் இரண்டாம் பத்தியை நிரப்ப உட்காரும்போது திருப்பூருக்கு எதிரே கை நிற்கும். அந்த நிற்றல்தான் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பத்தியாக வர வேண்டியது.

பழைய மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளை பேரேட்டில் தவறு வந்தால் எண்ணைச் சுரண்ட மாட்டார். ஒரு கோடு கிழித்துப் பக்கத்தில் சரியானதை எழுதுவார். பழைய எண்ணும் படிக்கும்படி இருக்கும். எக்செல் கட்டம் அந்த ஒழுக்கத்தைக் கேட்பதில்லை. எழுதினால் பழையது போச்சு.

எக்செலின் இன்னொரு சுபாவம், கேட்காமலே உதவி செய்வது. வினாத்தாளில் நில அளவு 3-5 ஏக்கர் என்று ஒரு பிரிவு இருக்கும். 3-5 என்று தட்டினால் அது மே மாதம் மூன்றாம் தேதியாகிவிடும். பதிலளித்தவர் எண் 007 என்றால் வெறும் 7 நிற்கும். மரபணு ஆய்வாளர்கள் இதனால் பட்ட பாடு தனிக் கதை. மார்ச்1, செப்ட்2 போன்ற மரபணுப் பெயர்களைத் தேதியாக மாற்றிவிடும் வழக்கத்தை 2004-லேயே கட்டுரை எழுதிச் சுட்டிக்காட்டினார்கள். 2016-இல் மார்க் சீமனும் சகாக்களும் தேடிப் பார்த்தபோது, மரபணுப் பட்டியலை எக்செலில் இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இந்தக் கோளாறு இருந்தது. கடைசியில் மென்பொருளைத் திருத்துவதற்கு முன் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். 2020-இல் பெயரிடும் குழு செப்ட் வரிசையைச் செப்டின் என்று ஆக்கியது. மைக்ரோசாஃப்ட் இந்தத் தானியங்கி மாற்றத்தை அணைத்துவைக்க வழி கொடுத்தது 2023-இல்தான்.

தமிழில் தரவு சேகரிப்பவருக்கு இவை போதாதென்று இன்னொன்று உண்டு. கூகுள் ஃபார்மில் வந்த பதில்களைச் சிஎஸ்வி கோப்பாக இறக்கி இரட்டைச் சொடுக்கில் எக்செலில் திறந்தால், ஊர்ப் பெயர்களெல்லாம் புள்ளிவைத்த ஐரோப்பிய எழுத்துகளாகக் கிடக்கும். பதறிப்போய் அப்படியே சேமித்துவிட்டால் போயே போச்சு. டேட்டா தாவலுக்குப் போய், யூடிஎஃப்-8 என்று சொல்லி இறக்குமதி செய்தால் எழுத்து ஒழுங்காக வரும். பைத்தானோ ஆரோ இதைப் பெரும்பாலும் சொல்லாமலே சரியாகப் படிக்கும்.

அதற்காக நிரல் தமிழைப் புரிந்துகொண்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். ஊர்வாரியாக எண்ணச் சொன்னால் பொள்ளாச்சி இரண்டு வரிசைகளில் வந்து நிற்கும். ஒன்றில் 31 பேர், மற்றொன்றில் 4 பேர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். காரணம், ஒகர உயிர்மெய்யின் குறியை யூனிகோடில் ஒரே எண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு எண்ணாகவும் எழுதலாம். தட்டச்சு மென்பொருளைப் பொறுத்து எது வரும் என்பது மாறும். திரையில் ஒன்றேயானாலும் கணினிக்கு வேறு வேறு. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ஒரு வரி நிரல் உண்டு. தமிழ்ப் பெயர்களை வைத்துப் பிரிக்கும் எவரும் நிரலின் முதல் பத்து வரிக்குள் அதை எழுதிவிடுவது நல்லது. பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட ஒரு வெற்றிடமும் இதே வேலையைச் செய்யும்.

நிரல் எழுதினால் தவறு நேராது என்று யாராவது சொன்னால் அவரிடம் ஜெஃப்ரி சாங்கின் கதையைச் சொல்லலாம். கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் புரத அமைப்புகளை ஆராய்ந்தவர். 2001-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரை பெரும் புகழ் தந்தது. 2006-இல் சுவிட்சர்லாந்துக் குழு ஒன்று அதே குடும்பத்துப் புரதம் ஒன்றின் அமைப்பை வெளியிட்டது, ஒத்துப்போகவில்லை. தேடிப் பார்த்தால், சாங்கின் ஆய்வகத்தில் ஓடிக்கொண்டிருந்த உள்வீட்டு நிரல் ஒன்று தரவின் இரண்டு பத்திகளை இடம் மாற்றிப் போட்டிருந்தது. வேறோர் ஆய்வகத்திலிருந்து கைமாறி வந்த நிரல் அது. ஐந்து கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார்.

2019-இல் ஹவாய் பல்கலைக்கழகத்துக் குழு கண்டுபிடித்தது இன்னும் நுணுக்கமானது. 2014-இல் வெளியாகி வேதியியலாளர்கள் பலர் எடுத்துப் பயன்படுத்திய பைத்தான் நிரல் ஒன்று, கோப்புகள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் வரும் என்று நம்பி எழுதப்பட்டிருந்தது. சில கணினிகளில் அப்படியே வந்தது. வேறு இயங்குதளத்தில் வரிசை மாறியது, விடையும் மாறியது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை.

எக்செல் பிழைக்கும் நிரல் பிழைக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. எக்செலில் பிழை ஒரு கட்டத்தில், ஒரு மாலையில், ஒரு கை தவறியதால் வரும். அடுத்த கட்டம் சரியாக இருக்கலாம். நிரல் தவறினால் எல்லா வரிசையிலும் ஒரே மாதிரி, ஆண்டுக்கணக்கில் தவறிக்கொண்டே இருக்கும். சேதம் பெரியது. ஆனால் பிடிபட்டால் எந்த வரி என்று சுட்டலாம். அதைத் திருத்தினால் எல்லாம் ஒரே நேரத்தில் திருந்தும். ஹவாய்க் குழு தன் கட்டுரையில் அதைத்தான் செய்தது.

சாங் தாமே எழுதாத நிரலை ஓட்டினார் என்பதை இன்றைய மாணவர் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சீனியர் கொடுத்த ஸ்கிரிப்ட், சாட்ஜிபிடி எழுதித் தந்த ஸ்கிரிப்ட் எல்லாம் அந்த வகைதான். வாங்கி ஓட்டுவதில் குற்றமில்லை. விடை தெரிந்த பத்து வரிசைத் தரவைக் கையால் தயாரித்து, முதலில் அதன்மேல் ஓட்டிப் பார்க்காமல் தன் தரவைக் கொடுப்பதுதான் துணிச்சல். பணம் கொடுத்து வெளியே அனாலிசிஸ் போட்டு வாங்கும் வழக்கம் நம் பல்கலைக்கழக வட்டாரங்களில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே எக்செலா நிரலா என்ற கேள்விக்கே இடமில்லை. வைவாவில் கேள்வி வந்தால் இரண்டுமே கையில் இருக்காது.

கற்றுக்கொள்வதில் எக்செலுக்கே வெற்றி, அதில் சந்தேகமில்லை. திறந்த அன்றே சராசரி வரும், படம் வரும். நிரல் முதல் சில வாரங்களுக்கு மனிதரை அவமானப்படுத்தும். விண்டோஸில் கோப்பின் முகவரியை அப்படியே நகலெடுத்துப் பைத்தானில் ஒட்டிப் பாருங்கள். சி டிரைவுக்குப் பின் ஒரு பின்சாய்கோடு, அதையடுத்து யூசர்ஸ் என்ற சொல்லின் முதல் எழுத்து. இந்த இரண்டும் சேர்ந்தால் யூனிகோடு எண் ஒன்று வரப்போகிறது என்று பைத்தான் எடுத்துக்கொள்ளும். எண் வராததால் யூனிகோடுப் பிழை என்று முறையிடும். மாணவரோ தமிழ் எழுத்தால்தான் சிக்கல் என்று நினைத்து ஒரு நாள் முழுக்க எழுத்துருவை மாற்றிக்கொண்டிருப்பார். சாய்கோட்டை முன்பக்கமாகத் திருப்பினால் தீரும் காரியம்.

இந்தக் கட்டத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதவர்களைப் பார்த்தால் அவர்களிடம் பொதுவாக ஒன்று உண்டு. பாடநெறிகளில் பயிற்சிக்கென்று வழக்கமாகத் தரும் பூ இதழ் அளவுகளை வைத்து அவர்கள் பழகவில்லை; தங்கள் சொந்தத் தரவை வைத்து, தங்களுக்கு எக்செலில் ஏற்கெனவே விடை தெரிந்த ஒரு சிறு பட்டியலை நிரலில் திரும்பப் போடுவதில் தொடங்கினார்கள். விடை ஒத்துவந்தால் நம்பிக்கை. ஒத்துவராவிட்டால் இன்னும் நல்லது, இரண்டில் ஏதோ ஒன்று தவறு என்று தெரிந்துபோனது. பைத்தானா, ஆரா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வமில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் எதில் எழுதுகிறாரோ அதைப் படியுங்கள். சிக்கும்போது கேட்க ஆள் வேண்டும்.

ஒழுங்கு பற்றிய பேச்சு இங்கிருந்து தானாக வருகிறது. எக்செலில் வேலை செய்பவரின் ஃபோல்டரைத் திறந்தால் ஃபைனல், ஃபைனல் நியூ, ஃபைனல் கைடு கரெக்‌ஷன், ஃபைனல் கைடு கரெக்‌ஷன் 2 என்று வரிசையாக நிற்கும். சோம்பேறித்தனம் என்று இதைத் திட்டுவது எளிது. உண்மையில், செய்த வேலைக்குப் பதிவு இல்லாதபோது முந்தைய நிலைக்குத் திரும்ப முழுக் கோப்பையும் பிரதி எடுத்துவைப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. நிரலில் இந்தத் தேவையே பாதி குறைந்துவிடுகிறது. மூலத் தரவு ஒரு ஃபோல்டரில் பூட்டி இருக்கும். யாரும் அதில் எழுதுவதில்லை. நிரல் இன்னொன்றில். நிரல் உண்டாக்கும் பட்டியலும் படமும் மூன்றாவதில். அதை மொத்தமாக அழித்தாலும் நிரலை ஓட்டினால் திரும்ப வந்துவிடும். எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்தவரின் மடிக்கணினி தானாகவே ஒழுங்காக இருக்கும்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வில்லியம் நோபிள் 2009-இல் இந்த அடுக்குமுறையைப் பற்றியே ஒரு வழிகாட்டிக் கட்டுரை எழுதினார். செய்ததையெல்லாம் ஒருநாள் திரும்பச் செய்யவேண்டி வரும் என்று வைத்துக்கொண்டே வேலை செய் என்பது அதன் அடிநாதம். ஆய்வாளர்களுக்கு நிரல் கற்றுக்கொடுக்க 1998-இல் தொடங்கிய சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி பட்டறைகளின் பாடத்திட்டத்தையும் பாருங்கள். மூன்று பகுதிகளில் ஒன்றுதான் பைத்தான் அல்லது ஆர். மற்ற இரண்டும் கோப்புகளைக் கட்டளை வழியே கையாள்வதும், மாற்றங்களைக் கிட் கொண்டு பதிவுசெய்வதும். நிரல் கற்பித்துப் பழகியவர்கள் ஒழுங்கைத் தனிப்பாடமாகப் பிரிக்கவில்லை.

கிட் பற்றி ஒரு வார்த்தை. லினக்ஸ் கருநிரலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதியது. ஆயிரக்கணக்கானவர் ஒரே நிரலில் கைவைக்கும் இடத்துக்கான கருவி. தனியாளாகத் தீசிஸ் எழுதுபவருக்கு முதல் ஆண்டில் அது கட்டாயமில்லை என்றே நினைக்கிறேன். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியைக் கோப்புப் பெயரின் முன்னால் போட்டு, வாரம் ஒருமுறை வெளி ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி எடுத்தால் போதும். இரண்டாம் ஆண்டில், நிரல் நூறு வரியைத் தாண்டி, போன மாதம் வேலை செய்தது இந்த மாதம் ஏன் செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் நாளில் கிட் கற்றால் அது மனதில் நிற்கும்.

ஜுபிடர் நோட்புக்கைப் பற்றி மட்டும் எச்சரிக்கை வேண்டும். நிரலும் விடையும் படமும் ஒரே பக்கத்தில் வருவதால் மாணவர்களுக்கு அது பிடிக்கும். ஆனால் கட்டங்களை எந்த வரிசையில் வேண்டுமானாலும் ஓட்டலாம். ஏழாவதை ஓட்டி, மூன்றாவதைத் திருத்தி, மறுபடி ஒன்பதாவதை ஓட்டி, நடுவில் ஒன்றை அழித்தும் விடலாம். அழித்த கட்டத்தின் விளைவு நினைவகத்தில் உயிரோடு இருக்கும். திரையில் தெரிவதற்கும் நடந்ததற்கும் தொடர்பில்லாமல் போகும். எக்செலின் பழைய நோய்தான் இது, நிரல் வேடம் போட்டு வந்திருக்கிறது. இரவு மூடும் முன் கெர்னலை மறுதொடக்கம் செய்து எல்லாக் கட்டத்தையும் மேலிருந்து கீழாக ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டால் அன்றைய பொய் அன்றே தெரிந்துவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகும் எக்செலை மேசையிலிருந்து தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். தரவை உள்ளிட அதைவிட நல்ல இடம் இல்லை. வினாத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகத் தட்டும்போது, வயது 340 என்று விழுந்தால் கண் உடனே பிடிக்கும். நிரல் அதையும் சேர்த்துச் சராசரி எடுத்துக் கொடுக்கும். கைடிடம் தரவைக் காட்டவும் எக்செல்தான் வசதி. கார்ல் புரோமன், காரா வூ இருவரும் 2018-இல் விரிதாளில் தரவை எப்படி அடுக்குவது என்றே ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு கட்டத்தில் ஒரு தகவல், தேதிக்கு ஒரே வடிவம், மூலக் கோப்புக்குள் கணக்குப் போடாதே, நிறத்தைத் தகவலாக்காதே என்பவை அதில் முக்கியமானவை.

கடைசியாகச் சொன்னதைத்தான் நம் மாணவர்கள் அதிகம் மீறுகிறார்கள். பதில் சொல்ல மறுத்தவருக்கு மஞ்சள், பாதியில் எழுந்துபோனவருக்கு ஆரஞ்சு, மறுபடி சந்திக்க வேண்டியவருக்குப் பச்சை என்று ஷீட் பூந்தோட்டமாக இருக்கும். சிஎஸ்வியாகச் சேமித்த மறுகணம் எல்லா நிறமும் போய்விடும். நிலை என்று ஒரு பத்தி சேர்த்து, மறுத்தார், பாதியில் நிறுத்தினார் என்று எழுத்தில் எழுதினால் நிரலும் படிக்கும், அடுத்த ஆண்டு எழுதியவருக்கும் விளங்கும்.

ஆக உள்ளிடுவது எக்செலில், அதற்குப் பிந்தைய எல்லாம் நிரலில் என்று எல்லை போட்டுக்கொண்டாலும், இரண்டும் சேர்ந்து தோற்கும் இடம் ஒன்று மிச்சம் இருக்கிறது. அது வேர்டு கோப்பு. ஆய்வேடு அங்கேதான் உருவாகிறது. பட்டியலை எக்செலிலிருந்து ஒட்டினாலும் நிரலிலிருந்து ஒட்டினாலும், ஒட்டிய கணத்தில் எண் அநாதையாகிவிடுகிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களை நீக்கிவிட்டுத் திரும்பக் கணக்கிடு என்று வெளித் தேர்வாளர் எழுதினால், நிரல்காரர் ஒரு வரி சேர்த்துப் பத்து நிமிடத்தில் முடிப்பார். பிறகு நான்காம் அத்தியாயத்தின் பட்டியல்களையும், பட்டியலைப் பற்றி எழுதிய வாக்கியங்களில் உள்ள எண்களையும் ஒவ்வொன்றாகத் தேடி மாற்ற இரண்டு நாள் ஆகும். ஒன்றிரண்டு தப்பும். சுருக்கத்தில் 412 பேர், அத்தியாயத்தில் 398 பேர் என்று வைவாவில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

நிரலையும் உரையையும் ஒரே கோப்பில் எழுதி, எண்களை நிரலே நிரப்பும்படி செய்ய வழி உண்டு. ஆர் உலகில் அதைப் பரவலாக்கிய நிட்டர் என்ற கருவியை யீஹுய் சியே எழுதியது அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்தபோது. இன்று குவார்ட்டோ அதே வேலையைப் பைத்தானுக்கும் சேர்த்துச் செய்கிறது, வேர்டு கோப்பாகவும் கொடுக்கிறது. நடைமுறையில் இடறுவது வேறிடத்தில். கைடு அந்த வேர்டு கோப்பில் டிராக் சேஞ்சஸ் போட்டுத் திருத்துவார். அந்தத் திருத்தத்தை மாணவர் தன் மூலக் கோப்புக்குக் கையால் கொண்டுபோக வேண்டும். முழு ஆய்வேட்டையும் இப்படி எழுதச் சொல்ல எனக்குத் துணிவில்லை. பட்டியல்களையும் படங்களையும் மட்டும் நிரலிலிருந்து ஒரு தனி வேர்டு கோப்பாக எடுத்து, அந்தக் கோப்பில் யாரும் கைவைக்கக் கூடாது, எண்ணில் சந்தேகம் வந்தால் ஓரத்தில் குறிப்பெழுதினால் போதும் என்று கைடிடம் முதல் அத்தியாயத்தின்போதே சொல்லிவைப்பது நடக்கிற காரியம். சிலர் முகம் சுளிப்பார்கள். அன்று மாலையே திருத்திய பட்டியல் முழுதும் மேசைக்கு வந்துவிட்டால் இரண்டாம் முறை சுளிக்க மாட்டார்கள்.